வலப்பக்கத்து மழை

கெயோன் துறையில் எல்லோருக்கும் தெரியும்,
மூக்கடைப்போடு கடலில் இறங்கக் கூடாதென்று.
எல்லோருக்கும் தெரிந்ததை எல்லோரும்
ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறோம்.
எனக்கு இப்போது
விடுவதற்கு அந்த மறு காது இல்லை.

லோகோ நத்தைக்கு விலை ஏறியிருந்த வாரம்.
பதினோரு பாகம் ஆழம்.
இடது காதில் யாரோ கட்டைவிரலை வைத்து
அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.
ஏறியிருக்கலாம்.
கூடை பாதிதான் நிறைந்திருந்தது,
இன்னும் இரண்டு பாகம் கீழே நல்ல பாறை.
மூக்கைப் பொத்தி ஊதினேன்.
திறக்கவில்லை.
பலங்கொண்ட மட்டும் ஊதினேன்.

வலி என்று சொல்ல முடியாது.
ஈரத்தாள் கிழிவதுபோல் ஒன்று.
அப்புறம் கடல்
பானையைக் கவிழ்ப்பதுபோல் என்னைக் கவிழ்த்தது.
பாறை தலைக்கு மேல் வந்தது,
பாசி பக்கவாட்டில் விழுந்தது.
வாய்க்குழாயைக் கடித்தபடியே வாந்தி எடுத்தேன்.
மேல் எது?
குமிழிகளைப் பார்த்தேன்.
அவை என் கால்களை நோக்கிப் போயின.
உடம்பு முழுக்க, பொய் பொய் என்றது.
நான் குமிழிகளை நம்பினேன்.

படகில் ஒனோஃப்ரே என்னவோ கேட்டான்.
கம்ப்ரசரை முதலில் நிறுத்து என்றேன்.
அவன் என் கையைப் பிடித்து
ஆறிப்போன எந்திரத்தின் மேல் வைத்தான்.

டாக்டர் படம் வரைந்தார்.
காதுக்குள்ளே ஒரு நத்தை இருக்கிறதாம்,
பட்டாணி அளவு, இரண்டரைச் சுற்று,
உள்ளே தண்ணீர்.
அதன் சன்னல் உடைந்து கசிந்துவிட்டதாம்.
பத்தொன்பது வருடம்
பாறையிலிருந்து நத்தைகளைப் பெயர்த்தவன் நான்.
கணக்கு நேராகிவிட்டது என்று சிரித்தேன்.
அவர் என்ன சொன்னாரோ,
இடப்பக்கம் நின்றிருந்தார்.

சோப்பு நுரைக்குக் கண்ணை மூடினால் விழுகிறேன்.
கண்தான் இப்போது என்னை நிற்கவைக்கிறது.
தகரக் கூரையில் பெய்கிற மழை
எனக்கு வலப்பக்கம் மட்டும் பெய்கிறது.
எதெல்மிரா ஒன்றும் சொல்லாமல்
கட்டிலில் இந்தப் பக்கம் மாறிக்கொண்டாள்.
சண்டை வந்தால் மட்டும்
பழைய இடத்துக்குப் போய்விடுகிறாள்.

உரிமம் புதுப்பிக்கக் காஸ்த்ரோவில் பரிசோதனை.
கண்ணாடிக் கூண்டு, காதில் மூடி, கையில் பொத்தான்.
ஒலி கேட்டால் அழுத்தவும்.
எனக்குத்தான் ஒலி ஓய்வதே இல்லையே,
எப்போது அழுத்துவது?
அந்தப் பெண்ணின் முழங்கை தெரிந்தது.
அது அசைந்தபோதெல்லாம் அழுத்தினேன்.
நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.
முழங்கை அசைந்தது. அழுத்தினேன்.
மறுபடி அசைந்தது. அழுத்தினேன்.
கருவியில் பச்சை விளக்கு அணைந்திருந்ததைப்
பிறகுதான் பார்த்தேன்.
கொஞ்ச நேரம் இருவரும்
கண்ணாடிக்கு இந்தப் புறமும் அந்தப் புறமுமாக
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.
அவள்தான் முதலில் தலை குனிந்தாள்.

இப்போது நான் படகின் மேல்,
கீழே ஒனோஃப்ரே.
காற்றுக்குழாய் என் கையில் ஓடுகிறது.
ஒரு இழுப்பு, தளர்த்து.
இரண்டு, கூடை நிறைந்தது.
மூன்று இன்னும் வந்ததில்லை.
விரலில் காது முளைத்துவிட்டது உனக்கு என்று
அடுத்த படகுப் பையன்கள் கேலி செய்கிறார்கள்.
செய்யட்டும், பாதிதான் கேட்கிறது.

இன்று காலை
புறங்கையால் மூக்கைத் துடைத்துத் துடைத்து
ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.
சளியா என்றேன்.
பதில் இல்லை.
இன்னும் உரக்கக் கேட்டேன்.
அவன் முழு உடம்பையும் திருப்பி
இடது காதை என் பக்கம் கொண்டுவந்து
என்ன, என்றான்.

எனக்கு அந்தத் திரும்பல் தெரியும்.
எதெல்மிரா அடுப்படியிலிருந்து கூப்பிட்டால்
நான் திரும்புகிற அதே திரும்பல்,
பக்கம் மட்டும் மாறி.
எத்தனை வருடமாக
காதும் காதும் வைத்ததுபோல் வைத்திருக்கிறான்?
காஸ்த்ரோவில்
எந்த முழங்கையைப் பார்த்துத் தப்பித்தான்?

கேட்க வாய் திறந்தேன்.
அவன் முகமூடியை இறக்கி
மூக்கைப் பொத்திக்கொண்டு
பின்பக்கமாகச் சாய்ந்தான்.
குழாய் என் விரல்களுக்கிடையே
கீழே, இன்னும் கீழே போனது.
கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது,
வெளியிலேயும்.